ஆர்எக்ஸ்-8ஐப் பாத்துச் சிரிச்ச ஆக்களுக்கு

ஞாயிறு மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையில ஒரு பொடியன்ர மஸ்டா ஆர்எக்ஸ்-8 எழும்பாம நிண்டதப் பத்தி ஒண்டும் எழுதுறல்ல எண்டுதான் இருந்தன். வீடியோவ எல்லாரும் பாத்திட்டீங்க, திரும்பப் போட்டு அந்தப் பொடியன நோகடிக்க விருப்பமில்ல. ஆனா அதுக்கு மேல எழுதியிருந்த அந்த வரி, "சிங்கத்துக்குப் பிறந்த பூன". சிங்கம் எண்டது அதுக்கு முந்தி வந்த ஆர்எக்ஸ்-7. அதுக்குக் கீழ ஆர்எக்ஸ்-7 எண்டா கார், ஆர்எக்ஸ்-8 எண்டா குப்பை எண்டு வரிசையாத் தீர்ப்பு. மூண்டு நாளாச்சு, இன்னும் வந்துகொண்டு இருக்கு. தன்ர கார்ர பொனட்டையே திறந்து பாக்காத ஆக்கள் ரோட்டரி எஞ்சினுக்கு (பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுத்துற எஞ்சின்) மரண அத்தாட்சிப் பத்திரம் எழுதுறாங்க.

அங்க நடந்தது இதுதான். விடிய வந்த கார் ரெண்டு மூண்டு மணித்தியாலம் நிண்டு ஆறிப்போச்சு. "தம்பி, படத்துக்குக் கொஞ்சம் முன்னுக்கு எடுங்க" எண்டாங்க. ஸ்டாட் பண்ணி, ரெண்டு கார் நீளம் உருட்டி, உடன ஓஃப். பத்து நிமிசத்தில "கொஞ்சம் பின்னுக்கு". திரும்ப ஸ்டாட், திரும்ப ஓஃப். மூண்டாந்தரம் எழும்பல்ல.

இது கார்ர கோளாறு இல்ல. ஆறின ரோட்டரிய ஸ்டாட் பண்ணி உடன நிப்பாட்டவே கூடாது. ஆறின எஞ்சினுக்குக் கம்பியூட்டர் பெற்றோல அள்ளி ஊத்தும். சூடாக முன்னம் நிப்பாட்டினா அது எரியாம உள்ளுக்கே கிடந்து, ரோட்டர்ர முனையில இருக்கிற எபெக்ஸ் சீலுக்கும் ரோட்டர் சுத்துற கூடான ஹவுசிங்குக்கும் நடுவில நிக்கிற ஒயில் படலத்தக் கழுவிப்போடும். படலம் போனாக் கொம்பிரஷன், அதாவது உள்ளுக்குக் காத்து அமுங்கிற அழுத்தம், இல்ல. பிளக்கும் நனைஞ்சிரும். பிறகு திருகத் திருகப் பற்றரிதான் சாகும். இதையே ஆர்எக்ஸ்-7க்குச் செய்து பாருங்க, சிங்கமும் எழும்பாது.

அங்க நிண்ட அவ்வளவு பேரில ஒருத்தருக்காவது "எக்ஸலேட்டர முழுசா மிதிச்சுக்கொண்டு ஒரு பத்துச் செக்கன் திருகு தம்பி" எண்டு சொல்ல வரல்ல. முழுசா மிதிச்சா ஆர்எக்ஸ்-8ல இன்ஜெக்டர் பெற்றோல் விடாது, உள்ளுக்குக் கிடக்கிறது வெளியால போகும். அது தெரியல்ல, ஆனா சிங்கம் எது பூன எது எண்டு மட்டும் தெரியும்.

சரி, ஒப்பிடத்தானே வேணும்? ஒப்பிடுவம். 1991 கடைசியில வந்து 2002ல நிண்டது எஃப்டி எண்டு சொல்ற கடைசி ஆர்எக்ஸ்-7 மொடல். 654 சிசி ரோட்டர் ரெண்டு, அதுக்கு ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வேலைக்கு வாற ரெண்டு டேர்போ. தொடக்கத்தில 255 குதிரை வலு, கடைசியா வந்ததில 280. 2003ல வந்த ஆர்எக்ஸ்-8க்கும் அதே 1308 சிசிதான். டேர்போ இல்ல. ஆறு கியர் டைப் எஸ் 250, மற்றது 210. டோர்க் 216 நியூட்டன் மீற்றர். எஃப்டி 294க்குக் குறையாது, பாரமும் குறைவு. நேர் ரோட்டில எஃப்டிதான் வெல்லும். ஒத்துக்கொள்றன். இப்ப சந்தோசமா?

ஆனா அந்த எஃப்டிய நீங்க எங்க பாத்தீங்க? ஃபோன்ல. ஒருத்தன் லட்சக்கணக்கில கொட்டி எஞ்சின் பிரிச்சுக் கட்டி, மினுக்கி வச்ச காரப் பாக்கிறீங்க. பக்கத்தில கொண்டு வந்து வைக்கிறது எத? மூண்டு கை மாறி, ஒயில் பாக்காம, கொரோலா மாதிரி ஓட்டின ஆர்எக்ஸ்-8. இதுக்குப் பேர் ஒப்பீடா?

பொனட்டத் திறந்து வச்ச எஃப்டி ஒண்டப் பாருங்க. அந்த ரெண்டு டேர்போவையும் மாத்தி மாத்தி வேலை வாங்க எஞ்சினுக்கு மேல மெல்லிய வெக்கியூம் குழாய்கள் சிக்கின நூல் மாதிரிப் பின்னிக் கிடக்கும். முப்பது வருசச் சூட்டில அதெல்லாம் காய்ஞ்ச முருக்கங்காய்தான். ஒண்டு வெடிச்சா ரெண்டாவது டேர்போ வராது, எந்தக் குழாய் எண்டு தேடவே ஒரு நாள் போகும். கூலன்ட் ஓடுற பிளாஸ்டிக் காத்துப் பிரிப்பான் தாங்கி வெடிச்சா அடுத்தது ஓவர்ஹீட், அதுக்கு அடுத்தது எஞ்சினுக்குள்ள இருக்கிற தண்ணிச் சீல். இந்த மட்டக்களப்பு வெயில்ல, காத்தான்குடி ரோட்டில ஆட்டோவுக்குப் பின்னால ஊர்ந்து ஊர்ந்து போற எஃப்டிய நினைச்சுப் பாருங்க.

ஆர்எக்ஸ்-8ல புகை வெளிய போற வாசல ஹவுசிங்குக்கு வெளிப்புறத்தில இருந்து பக்கச் சுவருக்கு மாத்தினாங்க. காத்து உள்ள வாறதும் புகை வெளிய போறதும் ஒரே நேரத்தில திறந்து கிடக்கல்ல. அதாலதான் ஐட்லிங் அமைதி, பெற்றோலும் குறைவு. 2003ல ரெனிசிஸ் எண்டு பேர் வச்ச இந்த ஆர்எக்ஸ்-8 எஞ்சினுக்கு உலகத்திலேயே அந்த வருசத்துச் சிறந்த எஞ்சின் எண்டு விருது குடுத்தாங்க. பூனைக்குத்தான்.

பழைய கல்லடிப் பாலத்தில நிண்டு படம் எடுக்கிற நாமதான் கல்முனைக்குப் போகப் புதுப் பாலத்தில ஏறுறம். பழசு அழகுதான், ஆரும் இல்லண்டு சொல்லல்ல.

"அப்ப ஏன் எல்லா ஆர்எக்ஸ்-8ம் எஞ்சின் போகுது?" எண்டு கேப்பீங்க. நல்ல கேள்வி. நான் திருப்பிக் கேக்கிறன், டிப்ஸ்டிக்கக் கடைசியா எப்ப இழுத்தீங்க? இந்த எஞ்சின் ஒயில எரிக்கிறதுக்கெண்டே செய்தது. ஒரு சின்னப் பம்ப் எஞ்சின் ஒயில அளந்து ஹவுசிங்குக்குள்ள விடும், சீலுக்கு உயிரே அதுதான். 2000 கிலோமீற்றருக்குள்ள ஒரு லீற்றர் போனாப் பயப்பட ஒண்டுமில்ல, போகாட்டித்தான் பயப்படணும். ரெண்டு தரம் பெற்றோல் அடிச்சா ஒருக்கா ஒயில் பாருங்க. 5000க்கு ஒருக்கா சேர்விஸ் போடுறன் எண்டு சொல்ற ஆக்கள்ற டிப்ஸ்டிக் 3000லயே காய்ஞ்சிரும். முந்தின கார்களில ரோட்டர் ஒண்டுக்கு ரெண்டு ஒயில் இன்ஜெக்டர்தான், சீல்ர நடுப்பகுதி பட்டினி. 2008ல வந்த மாத்தத்தில நடுவுக்கும் சேத்து மூண்டாக்கினாங்க. குறை இருந்தது, செய்தவனே திருத்தினான்.

பழைய மொடல் வச்சிருந்தா 40 லீற்றருக்கு 200 மில்லி டூ-டி (டூ ஸ்ட்ரோக்) ஒயில் பெற்றோலோட கலவுங்க. அந்தப் பொடியன் கலக்கிறதப் பாத்துத்தானே "போட் எஞ்சினா தம்பி?" எண்டு பகிடி? வாவியில ஓடுற போட்டுக்கு ஊத்துறது தாழ்ந்த சூட்டில ஓடுற எஞ்சினுக்குச் செய்தது. இதுக்கு வேணும் போத்தல்ல ஜாசோ எஃப்டி எண்டு போட்டிருக்கிறது (இது ஒயில்ர தரம், எஃப்டி கார் இல்ல). பொடியன் சரியானதத்தான் வச்சிருந்தான், போத்தல் வீடியோவிலயே தெரியுது.

அடுத்தது பிளக்குக்குப் பொறி குடுக்கிற கொயில். நாலு. 50,000 கிலோமீற்றருக்குள்ள களைச்சிரும். களைச்ச கொயில் பெற்றோல முழுசா எரிக்காது, மிச்சம் போய் கட்டலிடிக் கன்வேட்டருக்குள்ள எரிஞ்சு அத உருக்கி அடைக்கும். அடைச்சாச் சூடு எஞ்சினுக்கே திரும்பி வரும். ஒரு கொயில மிச்சம் பிடிச்சு எஞ்சின விக்கிறது இப்பிடித்தான்.

சூட்டு மீற்றர நம்பாதீங்க. ஊசி நடுவில நிண்டுகொண்டே இருக்கும், எழும்பிற நேரம் வேலை முடிஞ்சிருக்கும். கார்ர கம்பியூட்டர வாசிக்கிற ஓபிடி கருவி ஒண்டு குத்தி ஃபோன்ல டிகிரி பாருங்க. 105 தாண்டினா ஓரங்கட்டுங்க.

"இவ்வளவு பாக்கிறதெண்டா அது காரா, கைப்பிள்ளையா?" கைப்பிள்ளைதான். விருப்பமில்லாட்டி வாங்காதீங்க, டொயோட்டா அக்குவா இருக்கு. "பெற்றோல் குடிக்கும்." ஓம், குடிக்கும். "நீ என்ன, கொமிஷனா?" இப்பிடி எழுதினவர்ர வான் வண்டியே என்ர இந்தக் கையாலதான் ரெண்டு தரம் எழும்பினது, அதையும் சொல்லாம விடுவம்.

உண்மையான குற்றவாளி விக்கிற ஆக்கள். கல்முனைப் பக்கம் ஒருத்தர் கொழும்பில இருந்து வாங்கி வந்த கார். விடியப் பூ மாதிரி எழும்பும், சூட்டில நிப்பாட்டினா எழும்பாது. பாத்தா உள்ள 20டபிள்யூ-50 கூழ் ஒயில், ஸ்டாட்டர் பெரிசு மாத்தியிருக்கு. கொம்பிரஷன் குறைஞ்சத மறைக்கிற வித்தை. சாதாரண கொம்பிரஷன் கேஜ் ரோட்டர்ர மூண்டு முகத்தில கூடினத மட்டும் காட்டும், ரோட்டரிக்கெண்டு வாற கேஜ் வேணும். நிமிசத்துக்கு 250 சுற்றில புதுசு சதுர சென்ரிமீற்றருக்கு 8.5 கிலோ, 6.9க்குக் கீழ போனா எஞ்சின் முடிஞ்சுது. அந்தக் கார்ர பின் ரோட்டர் 5.8தான். வாங்க முன்னம் இருவது நிமிசம் ஓடி, நிப்பாட்டி, பத்து நிமிசம் விட்டு, திரும்பத் திருகியிருந்தா ஒரு கேஜும் தேவைப்பட்டிராது.

பதினாலு ஃபோன் எண்ணினன் அந்த வீடியோவில. காரத் தள்ள ரெண்டு கை இல்ல. கட்டார் வெயில்ல அஞ்சு வருசம் நிண்டு உழைச்சு வாங்கின கார். வடமோடிக் கூத்துக்கு உடுத்து வந்தவன அரங்கில வச்சு உரிஞ்ச மாதிரி அவன நிப்பாட்டிச் சிரிச்சீங்க. அப்ப ஆர்எக்ஸ்-7 ஒரு சாட்டுத்தானே? அது வேற காரா இருந்தாலும் சிரிச்சிருப்பீங்க.

தம்பி, நீங்க இத வாசிச்சா: பற்றரிய இரவு முழுக்கச் சார்ஜ்ல போடுங்க. பெற்றோல் பம்ப் பியூஸக் கழட்டுங்க. இடப்பக்க முன் சில்லக் கழட்டினா பிளக் நாலுக்கும் கை போகும். ஒவ்வொரு ரோட்டருக்கும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கையால ரெண்டு சுற்றுச் சுத்துங்க. பிளக் பழுதெண்டா கீழுக்கு ஆர்இ7சி-எல், மேலுக்கு ஆர்இ9பி-டி, மாறிப் போடாதீங்க. பிளக்கையும் பியூஸையும் திரும்பப் போட்டு ஸ்டாட் பண்ணுங்க. எழும்பினாப் பிறகு வெள்ளப் புகை மூடும், அது ஒயில், பயமில்ல மனே. ஊசி நடுவுக்கு வரும் வரைக்கும் நிப்பாட்டாதீங்க, படத்துக்கெண்டு ஆரு வந்து கேட்டாலும்.