ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல

"ஆப்ப சோடா இல்லேன்னா அதே அளவு பேக்கிங் பவுடர் போடுங்க, ரெண்டும் ஒண்ணுதான்" என்று சாக்லேட் கேக் பற்றிய பேச்சில் ஒரு அக்கா எழுதியிருக்கிறார். இல்லை அக்கா. பேக்கிங் பவுடர் என்பது சோடாவோடு அமிலப் பொடியும் சோள மாவும் கலந்தது. வீரியம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மல்லேஸ்வரம் வீட்டு ஓடிஜியில் (சின்ன மின்சார அவனில்) நானும் அப்படி மாற்றிப் போட்டேன். கேக்கின் மூன்று அடுக்கும் அடை மாதிரி தட்டையாக வந்தன. அவியல்தான் பாக்கி.

பழைய முறை சாக்லேட் கேக்கில் மோர் சேர்ப்பது பெரும்பாலும் சோடாவுக்காகத்தான். மோரின் புளிப்பு பட்டதும் சோடா பொங்கி மாவைத் தூக்கும். நம் நீர்மோர் அதற்குப் போதாது. புளித்த கெட்டித் தயிரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடித்துக்கொள்ளுங்கள்.

கோகோ டப்பாவின் பின்பக்கத்தையும் பாருங்கள். 501 என்ற எண் இருந்தால் அது பொட்டாசியம் கார்பனேட். கோகோவின் இயல்பான புளிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று பொருள். அப்போது தயிரைக் குறைக்கவே கூடாது.

சின்ன ஓடிஜியில் ஒரு தட்டுதான் போகும் என்றால், தயிர்க் கலவையையும் மாவுக் கலவையையும் தனித்தனியே வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் அப்போதைக்கப்போது கலக்குங்கள். காத்திருக்கும் மாவில் சோடா பொங்குவது அடங்கிவிடும்.