மூலம் என்று நாமே முடிவு செய்ய வேண்டாம்

அண்ணா, "நம்ம கோத்தகிரி கேரட், பீன்ஸ் சாப்பிடுகிறவர்களுக்குக் குடல் புற்றுநோய் வராது, மலத்தில் ரத்தம் வந்தால் அது மூலம்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதைத் திருத்துங்கள். நார்ச்சத்து அபாயத்தைக் குறைக்கும், சரி. வரவே வராது என்பது தவறு.

என் பெரியப்பாவும் தோட்டத்துக் காய்கறியில் வளர்ந்தவர்தான். மூலம் என்று நினைத்து எட்டு மாதம் நாட்டு மருந்து சாப்பிட்டார். கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனபோது கட்டி ஈரல் வரை பரவியிருந்தது. அப்போது அவருக்கு 48 வயது.

பெரும்பாலும் குடல் புற்றுநோய் குடலின் உள்சுவரில் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. புற்றாக மாறப் பொதுவாகப் பல வருஷம், 10 வருஷம்கூட ஆகும். அதுவரை பெரும்பாலும் வலி இருக்காது. கொலோனோஸ்கோபியில் (ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனை) தெரிந்தால் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம்.

அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால் 40, அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்கு 10 வருஷம் முன்பு, எது முந்தியோ அது. ரத்தம் போனால் வயதே பார்க்க வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள்.

பெரியப்பா மகனுக்கு 38 வயதில் பார்த்தோம். இரண்டு பாலிப் எடுத்தார்கள், நன்றாக இருக்கிறார். குடலைச் சுத்தம் செய்யப் பரிசோதனைக்கு முந்தின நாள் குடிக்கிற பேதி மருந்துதான் கஷ்டம். அதைக் குடித்துவிட்டு மலைப்பாதையில் பஸ் ஏறாதீர்கள். பெரியப்பா மகன் முதல் நாளே மலையிலிருந்து இறங்கி மேட்டுப்பாளையத்தில் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டார்.