கையுறை போட்டா கை சுத்தமாம்!

நோயாளியைப் பார்க்கேக்க கை சுத்தம் செய்யவேண்டிய ஐந்து தருணமும் டொக்டர்மாருக்கு மனப்பாடம். வார்ட் ரவுண்ட்ஸ் தொடங்கினாத்தான் மறதி வருது. கையில தேய்க்கிற அல்ககோல் ஹேண்ட் ரப்பை ஒரு சொட்டு எடுத்து, கோயில்ல தீர்த்தம் வாங்கின மாதிரி உள்ளங்கையில தடவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிடுவாங்க. உள்ளங்கை நிறைய எடுத்து, காயும்வரை 20 முதல் 30 செக்கன் தேய்க்கணும். தப்பிப்போறது பெருவிரலும் விரல் நுனியும். நோயாளியில முதல்ல படுறதே அந்த நுனிதானே!

நோயாளியைத் தொட்டபிறகு கழுவுவாங்க, அது தங்கட பாதுகாப்பு. தொட முதல்? அதுதான் விடுபடும். கட்டில் கம்பியையும் சேலைன் ஸ்டாண்டையும் தொட்டது கணக்கிலேயே இல்ல.

கையுறை இன்னொரு கூத்து. அதில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போதும் கிருமி ஒட்டும். ஒரே சோடியோட மூணு கட்டில் சுத்தினா கிருமிக்கு இலவச பஸ்.

வயிற்றோட்ட நோயாளியெண்டா சவர்க்காரமும் தண்ணியும்தான், 40 முதல் 60 செக்கன். வயிற்றோட்டம் தர்ற குளொஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமியின்ட வித்திகளை அல்ககோல் கொல்லாது. மோதிரம், மணிக்கூடு கழற்றாமக் கழுவினா அடியில அழுக்கு அப்படியே. மட்டக்களப்பு வெக்கையில வேர்வையும் சேர்ந்து ஊறும். கழுவி முடிச்சு, எல்லாரும் துடைச்ச அதே ஈரத் துவாயில கை துடைக்கிறதை என்னெண்டு சொல்ல?