அது ரகசிய வழி இல்லை, அந்த ஊர்க்காரர்களின் வழி

நேற்றிலிருந்து இன்பாக்ஸில் அதே வீடியோதான். பார்த்துவிட்டேன், போதும், இனி அனுப்பாதீர்கள். யார், எந்த சேனல் என்று நான் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கீரி மாவட்டத்தில், நேபாள எல்லையில் இருக்கிற கௌரிபாண்டா சோதனைச் சாவடிக்குப் போகாமல், கரும்புக் காட்டுக்கு நடுவே டிராக்டர் போகிற மண் தடத்தில் காரை விட்டு நேபாளத்துக்குள் நுழைந்து, எல்லைக் கல் மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்து, "யாருக்கும் தெரியாத ரகசிய வழி நண்பர்களே" என்று சொல்லி, அதோடு விடாமல் லொக்கேஷன் பின்னையும் போட்டிருக்கிறார். இது தப்பு என்று சொன்னேன், அதற்குத்தான் இத்தனை கமெண்டும் திட்டும்.

யாருக்கும் தெரியாதாம். அந்தத் தடத்தில் அவர் காரை எடுக்கும்போது எதிரே சைக்கிளில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா வருகிறாரே, அவருக்குத் தெரியாதா? எல்லைக்கு இருபுறமும் தாரு பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிற இடம் அது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சொந்தம் இரண்டு பக்கமும் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கைலாலி, கஞ்சன்பூர், பர்தியா, பாங்கே இந்த நான்கு மாவட்டங்களும் 1816இல் பிரிட்டிஷ்காரர்களோடு போட்ட சுகௌலி ஒப்பந்தத்தோடு நேபாளத்தின் கையை விட்டுப் போய், 1857 கலகத்தை அடக்க உதவியதற்காக 1860இல் பிரிட்டிஷ்காரர்கள் திருப்பிக் கொடுத்தவை. கோடு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்ந்திருக்கிறது, ஜனங்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். அவர் ஏறி உட்கார்ந்த கல்லுக்கு ஜங்கே பில்லர் என்று பெயர். நதி திசை மாறி எத்தனையோ கற்களை அடித்துக்கொண்டு போய், இது யார் நிலம் என்று இன்றைக்கும் சண்டை நடக்கிற ஊரில் மிச்சம் நிற்கிற கல் அது. உட்காருவதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே விஷயம்தான். பன்சார் போடுங்கள். அதாவது எல்லையில் இருக்கிற நேபாள சுங்க அலுவலகத்துக்குப் போய், வண்டிக்குப் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போங்கள். நாளுக்குச் சில நூறு ரூபாய். பல ஆயிரம் ரூபாய்க்கு டீசல் போட்டு அவ்வளவு தூரம் வந்தவருக்கு அது ஒரு காசா?

"திறந்த எல்லைதானே, 1950 இந்திய-நேபாள ஒப்பந்தம் இருக்கே" என்று ஒருவர் எனக்கு வகுப்பு எடுக்கிறார். ஐயா, திறந்திருப்பது ஆளுக்கு. வண்டிக்கு இல்லை. இந்தியரோ நேபாளியோ விசா இல்லாமல் போய் வரலாம், கையில் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால் போதும். கார் வேறு கதை, அதற்கு சுங்க ரசீது வேண்டும், வருடத்தில் 30 நாளுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. ரசீது இல்லாத வண்டி நேபாள சுங்கக்காரர்கள் பார்வையில் கடத்தல் வண்டிதான். பறிமுதல் செய்தால் யாரைக் கேட்பீர்கள்? இதைவிடக் கொடுமை, பின் சீட்டில் இருக்கிற நண்பர் கனடா பாஸ்போர்ட்காரர் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்கிறார். மூன்றாம் நாட்டுக்காரர் இமிகிரேஷன் இருக்கிற சாவடி வழியாக மட்டும்தான் போக முடியும், விசா முத்திரையோடு. கரும்புக் காட்டில் எந்த முத்திரை கிடைக்கும்? திரும்பிப் போகும்போது ஏர்போர்ட்டில் அந்தப் பையன் என்ன பதில் சொல்லுவான் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தாரா?

"எங்களை யாருமே கேட்கவில்லையே" என்று அடுத்த கமெண்ட். கேட்கிற நாள் வரும்போது தெரியும். நானும் என் தம்பியும் உத்தராகண்டில் இருக்கிற பன்பசா சாவடி வழியாக நேபாளம் போனவர்கள். சாரதா ஆற்றுத் தடுப்பணை மேலே ஒரே ஒரு வண்டி போகிற பாதை, காருக்குக் கதவு திறக்க நேரம் உண்டு, அதுவரை வெயிலில் நின்றோம். அந்தப் பக்கம் நேபாளத்தின் கட்டாசௌக்கி சாவடியில் ரசீது வாங்கினோம். தேதி நேபாளத்தின் விக்ரம் ஆண்டுக் கணக்கில் இருந்தது, நம் ஆங்கில வருஷத்தைவிட 56, 57 கூடுதல், தம்பி அதைப் பார்த்து ரொம்ப நேரம் சிரித்தான். அப்புறம் மகேந்திரா நெடுஞ்சாலையில் அத்தரியா தாண்டி ஒரு பையன் சைக்கிளோடு குறுக்கே வந்து பம்பரில் இடித்து விழுந்தான். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. ஆனால் ஐந்து நிமிஷத்தில் கூட்டம். வந்த போலீஸ்காரர் முதலில் கேட்டது லைசென்ஸ் இல்லை, பன்சார் ரசீது. எடுத்துக் காட்டினோம். அதோடு கூட்டத்தின் முகமே மாறிவிட்டது. பையனுக்கு மருந்து போட்டு, சைக்கிள் சக்கரம் நிமிர்த்தக் காசு கொடுத்து, அவன் அப்பா வாங்கித் தந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினோம். அந்த இடத்தில் ரசீது இல்லாமல் நின்றிருந்தால்? நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்று, இன்ஷூரன்ஸ். நம் ஊர் பாலிசி நேபாளத்தில் தானாகச் செல்லாது. கிளம்பும் முன்பே கொஞ்சம் பணம் கட்டி நேபாளத்தையும் சேர்த்து எண்டார்ஸ்மென்ட் வாங்க வேண்டும். இத்தனை பேர் பார்க்கிற வீடியோவில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. டிரோன் ஷாட் மட்டும் நிறைய.

இனி என்னைத் திட்டியவர்களுக்கு. "அரசாங்கத்துக்குச் சொம்பு தூக்குகிறான்", "வியூஸ் வராத பொறாமை", "பயந்தாங்கொள்ளி அங்கிள்". பொறாமையாம். நான் எழுதுவதை இருநூறு பேர் படித்தால் பெரிய விஷயம், அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சாகசம் பண்ணுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் இதில் சாகசம் எங்கே இருக்கிறது? ஏசி காரில் உட்கார்ந்து கரும்புக் காட்டைத் தாண்டுவதா? பிடிபட்டால் வண்டி போகும், அவ்வளவுதானே என்கிறார் ஒருவர். உங்கள் வண்டி போனால் எனக்கென்ன, போகட்டும்.

எனக்கு வலிப்பது வேறு. இந்த வீடியோவைப் பார்த்து நாளை இன்னும் நாலு கார் அங்கே போகும். அதற்கடுத்த வாரம் அந்தத் தடத்தில் காவல் போடுவார்கள். அப்போது நம் ஆள் கோவாவில் வேறு வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார். பையைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கப்போவது அந்தப் புல்லுக்கட்டு அம்மா. 2023இல் நேபாளம் 100 நேபாள ரூபாய்க்கு மேல் சாமான் கொண்டுவந்தால் வரி என்று கறாராகப் பிடித்தபோது மாட்டியது யார்? இந்தப் பக்கம் வந்து சர்க்கரையும் எண்ணெயும் வாங்கிப்போன ஏழை ஜனங்கள். 2020 மார்ச்சில் எல்லையை மூடியபோது சொந்த ஊருக்குப் போக மகாகாளி ஆற்றில் (நம் பக்கத்தில் அதுதான் சாரதா) குதித்து நீந்தினார்களே நேபாளத் தொழிலாளிகள், கரையேறியதும் பிடித்துத் தனிமைப்படுத்தினார்களே, அந்த எல்லைதான் இது. அவர்கள் வேறு வழியில்லாமல் தாண்டினார்கள், இவர் தம்ப்நெயிலுக்காகத் தாண்டுகிறார். இரண்டும் ஒன்றா? வெளியூர் நம்பர் பிளேட் பெரிய காருக்கு சல்யூட், உள்ளூர் சைக்கிளுக்கு லத்தி என்பது எல்லா எல்லையிலும் நடக்கிற கூத்து. அது தெரிந்தும் அவர்கள் வீட்டுப் புழக்கடை வழியை ஊருக்கே படம் போட்டுக் காட்டுகிறோம்.

ரூட் கேட்டு எழுதியவர்களுக்கு: பன்பசா, கௌரிபாண்டா, ருபைடிஹா, சோனௌலி இந்தச் சாவடிகளில் எதில் வேண்டுமானாலும் போங்கள், ரசீதுக்கு என்னென்ன காகிதம் வேண்டும், எங்கே நிற்க வேண்டும் எல்லாம் சொல்கிறேன். மண் தடம் கேட்டு வருகிறவர்களுக்கு என்னிடமிருந்து பதில் வராது. வீடியோ போட்ட தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப ஆள் இருக்கிறது. வீடியோ இருக்கட்டும், காசு வரட்டும். அந்தப் பின்னை மட்டும் எடுத்துவிடுங்கள். என்னைத் திட்டுவதை அப்புறம் நிதானமாகத் தொடரலாம்.