அந்தப் பீரங்கிக்கு முதலில் தொட்டி வேண்டும், பெயின்ட் இல்லை

சரி, எழுதிவிடுகிறேன். நேற்று இரவிலிருந்து உள்பெட்டிக்கு எல்லாரும் அந்த வீடியோவையே அனுப்புகிறீர்கள். நம் குன்னூர் ரிசார்ட் வாசலில் வெள்ளி பெயின்ட் அடித்த பீரங்கி, அதன் மேல் ஏறி உட்கார்ந்து செல்ஃபி, பக்கத்தில் "கடலுக்கடியிலிருந்து மீட்கப்பட்ட பிரிட்டிஷ் பீரங்கி" என்று ஒரு பலகை. அதன் கீழே "இதற்கு முதலில் தொட்டி வேண்டும், பெயின்ட் இல்லை" என்று நான் எழுதிய ஒரே வரிக்கு வந்த வசவுகளையும் பார்த்திருப்பீர்கள். ஒரு வரியில் புரியவில்லை என்றால் விரிவாகவே சொல்கிறேன்.

கடலிலிருந்து தூக்கினால் மீட்டதாகிவிடாது. பழைய இரும்புப் பீரங்கியை அப்படியே தூக்கி வெயிலிலும் பனியிலும் வைத்தால், கடல் மிச்சம் வைத்ததை நாம் அழிக்கிறோம்.

வார்ப்பிரும்பு இருநூறு வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்தால் அதிலுள்ள இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். பென்சிலில் இருக்கும் கரியான கிராஃபைட் மட்டும் அதே வடிவத்தில் நிற்கும். பார்வைக்கு முழுப் பீரங்கி, உள்ளே கடல் உப்பின் குளோரைடு ஊறியிருக்கும். காய்ந்து காற்று பட்டதும் அது வேலையைத் தொடங்கும். மேல்பரப்பு வெடித்துப் பாளம் பாளமாக உரியும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள், எடுத்த நிமிடத்திலிருந்து அதைக் காயவே விடுவதில்லை. காஸ்டிக் சோடா கரைசல் தொட்டியில் இறக்கி, மெல்லிய மின்சாரம் பாய்ச்சி உப்பை வெளியே இழுப்பார்கள். கரைசலை மாற்றுவதும் குளோரைடு அளவைச் சோதிப்பதுமாகப் பெரிய பீரங்கிக்கு வருடக்கணக்கில் ஆகும். அப்புறம்தான் துருவைத் தடுக்கப் பூசும் டானிக் அமிலம், மெழுகு எல்லாம்.

வட கரோலினா கரையில் 1718ல் தரைதட்டிய கடற்கொள்ளையன் பிளாக்பியர்டின் கப்பல் 1996ல் கிடைத்தது. அதன் பீரங்கிகள் தொட்டிகளில் வருடக்கணக்கில் கிடந்தன. கேப்டன் குக்கின் கப்பல் 1770ல் ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் மாட்டியபோது எடை குறைக்க ஆறு பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள். 1969ல் அவற்றை எடுத்து, உப்பு நீக்கிய பிறகே அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இங்கே என்ன நடந்தது? ரிசார்ட் ஆட்கள் போட்ட வீடியோவிலேயே இருக்கிறது: கிரைண்டர் பிடித்துத் தேய்க்கிறார்கள்.

"நீ என்ன தொல்லியல் படித்தாயா?" என்று ஒருவர். படிக்கவில்லை. என் அப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் ஃபிட்டர். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் பழைய வார்ப்பிரும்புத் தண்ணீர்க் குழாயைத் தோண்டி எடுத்துப் போட்டிருந்தார்கள். அப்பா பேனாக்கத்தியால் அதன் மேல் ஒரு இழு இழுத்தார். பென்சில் சீவியதுபோலக் கறுப்பாகச் சுருண்டு வந்தது. "பாக்க முழுசா இருக்குடா, இரும்பு எப்பவோ போயிருச்சு" என்றார். ஈர மண்ணில் கிடந்த குழாய்க்கே அந்தக் கதி. இவ்வளவையும் எனக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர் பத்தாவது தாண்டாதவர். படிப்பைக் கேட்டு என் வாயை அடைக்கப் பார்க்காதீர்கள்.

"அது டூப்ளிகேட்டாக இருக்கும், விடுங்க" என்கிறார்கள் சிலர். டூப்ளிகேட் என்றால் பலகையில் இருப்பது பொய், அதை எடுங்கள். ஆனால் வீடியோவை நிறுத்திப் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்த இடத்தில் காவி நிறத்தில் துளித்துளியாகக் கசிகிறதே, அது கடல் உப்பு ஊறிய இரும்பில் வருவது.

கிரைண்டர் எதையெல்லாம் தின்றது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பீரங்கிகளில் எடையை மூன்று எண்களாக வெட்டியிருப்பார்கள். அரசு முத்திரையோ கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரையோ இருக்கும். எந்தக் கப்பல் என்று தேட அதுதான் நூல் முனை. பூம்புகார் கடலில் கிடந்த கப்பலின் ஈயப் பாளங்களில் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற வருடங்களும் இருந்ததால்தான் அது எந்தக் காலத்துச் சரக்கு என்று தெரிந்தது. அந்த எழுத்தையும் யாராவது பளபளப்புக்காகத் தேய்த்திருந்தால்?

"தனியார் இடம், அவங்க காசு." 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய பொருள் தொல்பொருள், தனியார் இடத்தில் இருந்தாலும். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

"டூரிஸ்ட் வந்தால் நமக்குத்தானே பிழைப்பு" என்பதை நான் மதிக்கிறேன். என் தம்பி டாக்ஸி ஓட்டுகிறான், சீசன் படுத்தால் எங்கள் வீட்டில் என்ன நிலை என்று எனக்குத் தெரியும். பீரங்கியை வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கூரை போட்ட இடத்தில், உப்பு நீக்கி, கதையோடு வையுங்கள். அதைப் பார்க்கவும் ஆள் வரும்.

ஆனால் கூடப் படித்த நண்பன் ஒருவன் எழுதினானே, "வெள்ளைக்காரன் பீரங்கிக்கு ஏண்டா அழறே, உருக்கிப் போடு, அடிவருடி" என்று. இதுதான் நேற்று என்னைத் தூங்கவிடவில்லை. என் தாத்தா வெள்ளைக்கார துரையின் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர், பாட்டி கொழுந்துக் கூடை சுமந்தவர். எனக்கா அவர்கள் மேல் பாசம்? 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தபோது இந்த மலை கம்பெனி கைக்குப் போனது. இருபது வருடம் கழித்து கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் ஏறி வந்தார். அப்புறம் காடு போனது, தேயிலை வந்தது, எங்கள் ஆட்கள் வந்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது பீரங்கி ஏற்றிய கப்பல். அந்தக் கப்பல்களில் பாய்மரம் இழுத்தவர்களில் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட நம் பக்கத்து மாலுமிகளும் உண்டு. மூழ்கினால் அவர்களும் சேர்ந்துதான் மூழ்கினார்கள். அவர்கள் பெயரை யாரும் பித்தளையில் வெட்டி வைக்கவில்லை. அந்தச் சாட்சியை உருக்கச் சொல்கிறாயே, யாரைக் காப்பாற்ற?

ரிசார்ட் ஆட்கள் இதைப் படித்தால்: கிரைண்டரைத் தள்ளி வையுங்கள். மேலே இன்னொரு கோட் அடிக்காதீர்கள். மழையும் பனியும் படாத இடத்துக்கு மாற்றிவிட்டு, தொல்லியல் துறைக்கு இன்றே எழுதுங்கள். எந்தக் கடல், எந்தக் கப்பல், எடுத்தது யார், உங்களுக்கு விற்றது யார் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே சொல்லுங்கள்.