கண் சொட்டு மருந்தையும் டாக்டரிடம் காட்டுங்கள்

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60-க்குக் கீழே போனாலே வியாதி என்று பயப்பட வேண்டாம். தினமும் ஓடிப் பழகியவர்களுக்கு 45, 50 இருக்கும். தூக்கத்தில் எல்லோருக்குமே குறையும். ஆனால் துடிப்புக் குறைவோடு தலைசுற்றல், மயக்கம், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குவது என்று சேர்ந்து வந்தால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். வயதானவர்கள் விஷயத்தில் "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோமே, அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்னோட்டம் எந்த இடத்தில் தடைபடுகிறது என்பதை ஈசிஜி காட்டும். சில நேரம் ஹோல்டர், அதாவது உடம்பில் மாட்டிக்கொண்டு 24 மணி நேரமும் ஈசிஜியைப் பதிவு செய்யும் கருவி, தேவைப்படும். ஆனால் அந்தத் தடைக்குப் பின்னால் இருக்கும் காரணம் பல வீடுகளில் மருந்துப் பையிலேயே கிடக்கிறது. அட்டெனலால், மெட்டோப்ரோலால், டில்டியாசெம், டிஜாக்சின் எல்லாமே துடிப்பைக் குறைப்பவை. மாத்திரை என்றால் டாக்டர்கள் கேட்டுவிடுவார்கள், நாமும் அட்டையை எடுத்து நீட்டுவோம். கண் சொட்டு மருந்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

என் பெரியம்மாவுக்குத் துடிப்பு 42-க்கு இறங்கி, நெஞ்சில் பேஸ்மேக்கர் கருவி பொருத்துவது வரைக்கும் பேச்சு போனது. கண் அழுத்தத்துக்காக அவர் டைமோலால் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். ஃபைலில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மருந்து ஃப்ரிட்ஜ் கதவில் இருந்தது. டைமோலாலும் அட்டெனலால் வகைதான். கண்ணில் விட்டது கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி, கல்லீரலைத் தொடாமல் நேராக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. கண் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றினார், துடிப்பு 60-ஐத் தாண்டியது.

எல்லோருக்கும் இப்படி முடியாது. இதயத்தில் மின்னோட்டம் முழுவதுமாகத் தடைபட்டிருந்தால் பேஸ்மேக்கர்தான் உயிரைக் காக்கும். தைராய்டு குறைந்தாலும் துடிப்பு மந்தமாகும், டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள். கிட்னி பாதிப்பு உள்ளவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினாலும் துடிப்பு குறையலாம், அது ஆபத்து, தாமதிக்கவே கூடாது. நெஞ்சுவலியோடு துடிப்புக் குறைந்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அட்டெனலால் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம். டைமோலாலையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், கண் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் பார்வைக்கே ஆபத்து. சொட்டு விட்ட பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் ரத்தத்துக்குப் போகும் அளவு நன்றாகவே குறையும்.