மாயாபஜாரில் யாரை மாற்றலாம், யாரை மாற்ற முடியாது

ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழர்களுக்கு மாயாபஜார் ஒரு படம் இல்லை, இரண்டு. 1957 மார்ச்சில் தெலுங்கு, ஏப்ரலில் தமிழ். இரண்டையும் பார்த்த வீடுகளில், அபிமன்யுவாகத் தெலுங்கில் நடித்த நாகேஸ்வர ராவா, தமிழில் நடித்த ஜெமினியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அந்த வழக்கே வேண்டாம் என்பேன். அபிமன்யு காதலிப்பான், கோபப்படுவான், வில்லெடுப்பான். படத்தின் சிரிப்புக்கு அவன் பொறுப்பில்லை. அதனால்தான் அந்த இடத்தில் ஆள் மாறியும் படம் அசையவில்லை. அபிமன்யுவின் காதலி வத்சலாவுக்கு மாப்பிள்ளையாகப் பேசப்பட்ட துரியோதனன் மகன் லட்சுமணகுமாரன் வேறு கணக்கு. அவன் சிரிப்பு வாயில் இருக்கிறது, பேச்சு மொழியோடு ஒட்டியது. தெலுங்கில் ரேலங்கி, தமிழில் தங்கவேலு என்று பிரித்ததுதான் சரி.

இரண்டிலும் மாறாதவர்கள் கிருஷ்ணனாக ராமா ராவ், கடோத்கஜனாக ரங்கா ராவ், தெலுங்கில் சசிரேகாவாகவும் தமிழில் வத்சலாவாகவும் சாவித்திரி. இவர்களில் சாவித்திரியின் வேலைதான் மலை. அந்தக் கல்யாணத்தைக் கெடுக்க அரக்கன் கடோத்கஜன் வத்சலா உருவில் அரண்மனைக்குள் புகுந்த பிறகு, சாவித்திரி வத்சலாவாக நடிக்கும் ரங்கா ராவாக நடிக்கிறார். தோள் விரிகிறது, நடை அகல்கிறது, இல்லாத மீசையைக் கை தேடுகிறது. யாரோ வரும் சத்தம் கேட்டால் அரை நொடியில் தலை குனிந்து நாணம். மணமேடையில் மாப்பிள்ளையின் காலை மிதித்துக்கொண்டே முகத்தைப் பால் போல வைத்திருப்பதைப் பாருங்கள்.

இந்தக் கட்டத்தை ஆண்டுவிழாவுக்கு எடுக்கும் பள்ளிகளில் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வத்சலாவாக வரும் பெண்ணைத் தனியாக ஒத்திகை பார்க்க விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் கடோத்கஜன் பையனுக்கு மூன்றே அசைவுகளை உறுதி செய்யுங்கள்: மீசை முறுக்கல், தொடை தட்டல், ஒரு நடை. தன் காட்சியில் அவற்றை அவன் இரண்டு முறையாவது கூட்டத்துக்குக் காட்டியிருக்க வேண்டும். பிறகு அந்தப் பெண் அதே மூன்றை, அதே வரிசையில், அளவைப் பாதியாகக் குறைத்துச் செய்தால் போதும். நான்காவது அசைவு சேர்ந்தால் யார் யாரைப் போலச் செய்கிறார்கள் என்பது கலங்கிவிடும். தொண்டையைக் கட்டி ஆண் குரலில் பேச வைப்பதும் தப்பு. மைக்கில் அது கரகரக்கும், வசனம் போய்விடும். குரல் பெண்ணாகவே இருக்கட்டும், உடம்பு மட்டும் அரக்கனாகட்டும். முரண் அங்கேதான் பிறக்கிறது. அவள் தானே சிரித்துவிட்டால் எல்லாம் போச்சு.

லட்சுமணகுமாரனைக் கோமாளி உடையில் இறக்குவது இன்னொரு பழக்கம். அவன் தன்னைப் பேரழகன் என்று மனதார நம்ப வேண்டும், ஆகவே மேடையிலேயே நல்ல பட்டு அவனுக்குத்தான். சகுனியும் அப்படித்தான்: ஏறியவரை உண்மை பேசவைக்கும் சத்தியபீடத்தில் கால் வைத்து உண்மையைக் கொட்டும்வரை அவன் முழு வில்லன். முன்னாலேயே சிரிப்புக் காட்டிவிட்டால் பீடத்துக்கு வேலை இருக்காது. ஏறியதும் வார்த்தை அவனை மீறி வர வேண்டும், கை வாயைப் பொத்தப் போக வேண்டும், அப்போதும் பேச்சு நிற்கக் கூடாது.